கவ்விய லீவர்

சிலருக்குக் கோபம் வந்தால் மூளை மழுங்கிவிடும். சர்வேயருக்கு அருவருப்பு வந்தால்தான் மூளையே கூர்மையாகும்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது சாலையில் பட்ட அடி, எது காப்பீட்டுக்காகச் சுத்தியலால் கொடுத்த அடி என்று பிரித்துச் சொல்வது அவள் பல வருஷம் பார்த்த வேலை. அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் சர்வேயர் என்றே ஒட்டிக்கொண்டது. பொய் பக்கத்தில் வந்தால் அவளுக்கு முதலில் மூக்கு சுருங்கும், அப்புறம் அடிவயிறு புரளும். காரணம் எல்லாம் சாவகாசமாகத்தான் தெரியவரும்.

இன்று காரில் ஏறியதிலிருந்தே அடிவயிறு புரண்டுகொண்டிருந்தது.

"பாஸ், மூஞ்சியைக் கொஞ்சம் மாத்துங்க. அழுகின முட்டையை மோந்த மாதிரியே இருந்தா அந்த ஆள் வண்டியைக் காட்டவே மாட்டான்" என்றார், ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா.

சித்தப்பா அவளுடைய அப்பாவின் தம்பி. நாடகக் கம்பெனியில் மேக்கப் போட்டு ஓய்வு பெற்றவர். கைதான் ஓய்வு பெற்றது, வாய்க்கு இன்னும் ஓய்வு இல்லை. வெளியாள் முன்னால் அவளை பாஸ் என்பார், மறந்துபோனால் பாப்பா என்பார்.

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள்தான் இந்த வழக்கைக் கொண்டுவந்தவள்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளுக்கு வித்துடுவாராம்" என்றாள்.

"வண்டி நிஜம்னு தெரிஞ்சா வாங்கிடுவீங்களா?"

"வீட்டை வித்தாவது."

"எதுக்கு?"

"அப்பாவுக்காக. எழுந்து நடக்க முடியல. இதயம் இனி அதிக நாள் தாங்காதுன்னுட்டாங்க. அந்த வண்டி விற்பனைக்கு வந்திருக்குன்னு சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'அதுல ஹேண்ட்பிரேக் லீவர் இருக்கான்னு பாரும்மா'ன்னார்."

கதை இதுதான். டாக்டரின் அப்பா ராலி என்ற கார்ப் பந்தயத்தில் ஓட்டியவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வளைவு வளைவாக வழி சொல்லும் நேவிகேட்டர் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி, டாக்டருக்குத் தாய்மாமன். கடைசி ராலியில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி பின்பக்கமாகச் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. மாமன் செத்தான், ஓட்டியவர் பிழைத்தார். பிழைத்தவர் விசாரணையில் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: 'லீவர் கவ்விக்கிச்சு, விடல.' யாரும் நம்பவில்லை. அணியின் மெக்கானிக் வந்து, அது கவ்வவே கவ்வாத லீவர், என் கையால் கட்டியது என்றான். தான் பள்ளத்தில் இறங்கவே இல்லை, நொறுங்கிய வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னான். வண்டியில் லீவரைத் தேடினார்கள், காணோம். விழுந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்று முடித்துவிட்டார்கள். பழி முழுக்க ஓட்டியவர் தலையில் விடிந்தது.

"அம்மாவும் அதைத்தான் நம்பினாங்களா?" என்று கேட்டாள் சர்வேயர்.

"அன்னிக்கு அப்பாகிட்ட பேச்சை நிறுத்தினவங்கதான். ஒரே வீடு. மருந்து குடுப்பாங்க, துணி மாத்தி விடுவாங்க, எல்லாம் செய்வாங்க. பேச்சு மட்டும் கிடையாது. 'உங்கப்பாகிட்ட சொல்லு, மாத்திரை மேசை மேல இருக்கு'ன்னு என்கிட்ட சொல்வாங்க. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருப்பார்."

"நீங்க வீட்டுல இல்லன்னா?"

"சுவத்துகிட்ட சொல்வாங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தொடர்ந்தாள்.

"மாமாவுக்கு வண்டியில ஏறினாலே குமட்டும். அதுக்காக எப்பவும் சூயிங்கம் மெல்லுவார். மென்னு முடிச்சா எது பக்கத்துல இருக்கோ அதுக்கு அடியில ஒட்டிடுவார். எங்க சாப்பாட்டு மேசைக்கு அடியில ஒண்ணு இன்னும் இருக்கு. அம்மா எடுக்க விட்டதில்ல."

சர்வேயருக்கு வாயெல்லாம் கசந்தது. அந்த மேசையில் ஜென்மத்துக்கும் சாப்பிடப் போவதில்லை என்று அங்கேயே முடிவுசெய்துகொண்டாள்.

"அந்த மெக்கானிக்தான இப்ப வண்டியை விக்கிறவன்? அவனுக்கு நீங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. அப்போ நான் சின்னப் பொண்ணு. இப்போ போன்ல பேசின ஒரு பல் டாக்டர், அவ்வளவுதான்."

"அப்படியே இருக்கட்டும்."

* * *

பட்டறைக்காரனை எல்லோரும் தங்கக்கை என்றுதான் அழைத்தார்கள். பழைய வண்டி எதுவானாலும் அவன் கை பட்டால் புதிதாகிவிடுமாம். அந்தத் தங்கக்கையால் அவன் நீட்டிய டீ கிளாஸில் கட்டைவிரல் ரேகை கிரீஸில் அச்சாகப் பதிந்திருந்தது. சர்வேயர் கிளாஸை வாங்கி, குடிக்காமல், ஒரு டயர் மேல் வைத்தாள்.

"வாங்கம்மா, வாங்க சார். உங்களைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ரசனை உள்ளவங்க" என்றான் தங்கக்கை. பேச்சில் வெல்லப்பாகு ஒழுகியது. தார்ப்பாயின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

அழகில் குறை சொல்ல முடியாது. இடுப்பு உயரம்கூட இல்லாத, ஆரஞ்சு நிறத்தில், கதவில் வெள்ளைப் பட்டை போட்ட குட்டி வண்டி. முன்கண்ணாடி தலைக்கவசத்தின் முகமூடி மாதிரி இரு பக்கமும் வளைந்து போனது. மூக்கின் மேல் வரிசையாக விளக்குகள். இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால். முன்பாதியும் பின்பாதியும் பெட்டி மூடி போல மொத்தமாகத் திறக்கும், வழியில் எது உடைந்தாலும் சட்டென்று கைவைக்க வசதியாக. கதவுக்குள்ளே தலைக்கவசம் வைக்க ஒரு குழி.

"அதே வண்டியா?"

"அதே வண்டிதாம்மா. ஏலத்துல போய், யாரோ ஒருத்தர் கொட்டகையில வருஷக்கணக்கா கிடந்துச்சு. நான் தேடிப் பிடிச்சேன். கடைசி ராலி அன்னிக்கு எப்படிக் கிளம்பிச்சோ, அப்படியே திருப்பிக் கட்டியிருக்கேன்."

டாக்டர் போனை எடுத்தாள். "எங்கப்பாவுக்குப் பழைய வண்டின்னா உயிரு. இன்ஜின் சத்தம் மட்டுமாவது கேக்கணுமாம்."

"தாராளமா!"

அவள் வீட்டுக்கு அழைத்தாள். "அம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பா காதுகிட்ட பிடி" என்று சொல்லிவிட்டுப் போனை டேஷ்போர்டு மேல் வைத்தாள். தங்கக்கை சாவியைத் திருப்பினான். வண்டி ஒருமுறை செருமி, பிறகு பட்டறைத் தகரமெல்லாம் அதிர உறுமியது. கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்தினான். போனை எடுக்க டாக்டர் கை நீட்டியபோது சர்வேயர் அவளுடைய முழங்கையை லேசாகத் தொட்டாள். டாக்டர் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு காட்டணும்." தங்கக்கையின் குரல் கோயிலுக்குள் நுழைந்தவன் குரல் போலத் தணிந்தது. நேவிகேட்டர் இருக்கையின் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினான். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்புக் கறை. "அந்தப் பையனோட ரத்தம். மத்த எல்லாத்தையும் சுத்தம் பண்ணேன். இதை மட்டும் கழுவ மனசு வரல. இதுக்காகவே ஒருத்தர் வண்டியைக் கேக்கறார், பாத்துக்குங்க."

டாக்டரின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வேயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவனின் ரத்தத்தைத் துணியோடு கடை விரிக்கிறவனை அவள் இதுவரை பார்த்ததில்லை. இவன் வாயில் வெல்லம், கையில் பிணம். திரும்பிப் பார்த்தால், சித்தப்பா அந்தப் பெல்ட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு நக்கலும் இல்லை. அவர் சும்மா இருந்தால் ஏதோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"நான் உள்ள உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓட்டுநர் இருக்கையில் இறங்கினாள் சர்வேயர். லீவர் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்தது. இழுத்தாள். கடகடவென்று ஏறி, உயரத்தில் நின்றது. விழவில்லை.

"இது நிக்குதே. ராலி வண்டியில லீவர் நிக்கக் கூடாதுன்னு கேள்விப்பட்டேனே?"

தங்கக்கைக்கு உற்சாகம் பொங்கியது. தெரிந்ததைச் சொல்லக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் சும்மா இருக்கமாட்டான்.

"பலே, விஷயம் தெரிஞ்சவங்க! சாதா வண்டியில லீவரை இழுத்தா உள்ள ஒரு சின்ன நாக்கு பல்லுல மாட்டிக்கும். நுனியில பொத்தானை அமுக்கினாத்தான் விடும். ராலியில அது ஆகாது. கொண்டை ஊசி வளைவுல ஒரு கண் சிமிட்டற நேரம் லீவரை இழுப்பான். பின்சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும், வால் சர்ருனு சுத்தி வரும். உடனே விட்டுடணும். விடலன்னா வண்டி நிக்காம சுத்தும். அதனால நாங்க அந்த நாக்கை ஒரு கம்பி போட்டுப் பின்னால இழுத்துக் கட்டிடுவோம். லீவர் எதையும் கவ்வாது. கையை எடுத்தா தானா விழும்."

"அப்ப இதுல கம்பி எங்க?"

"தகுதிச் சோதனைக்கு எடுத்திருக்கேம்மா. சரிவுல நிறுத்தி ஹேண்ட்பிரேக் பிடிக்குதான்னு பாப்பாங்க இல்ல? ராலிக்கு முன்னாடியும் அதே கூத்துதான். அதிகாரிங்க பாக்க வரும்போது கம்பியை எடுத்துடுவோம், அவங்க தலை மறைஞ்சதும் கட்டிடுவோம்."

"ஓஹோ" என்றாள் சர்வேயர். "டாக்டர், உங்க பையில வாய்க்குள்ள விட்டுப் பாக்கற கண்ணாடி இருக்கா?"

நீண்ட காம்பில் சின்ன வட்டக் கண்ணாடி. ஒரு கையில் டார்ச்சோடு அதை லீவரின் உறைக்குள் விட்டாள். பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவின் மடிப்புக்குள், கூரைத்துணியின் ஓரத்தில். மறுபடி லீவருக்கே வந்து, இந்தத் தடவை அதன் அடிப்பக்கத்தில். அங்கே எதையோ பார்த்து அவள் முகம் கோணியது. கண்ணாடியைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்தாள்.

"சித்தப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல, பாஸ். எறும்பு சொல்லுது."

"எறும்பா?" என்றான் தங்கக்கை.

"கதவுக்கு அடியில வரிசை ஆரம்பிக்குது. மிதியடி மேல ஏறி, இருக்கையைத் தாண்டி, நேரா அந்தப் பெல்ட்டுக்குப் போகுது. இத்தனை வருஷத்து ரத்தத்துல எறும்புக்கு என்னய்யா வேலை? நாடகத்துல எத்தனை ராஜாவைச் சாகடிச்சிருக்கேன் தெரியுமா? சர்க்கரைப் பாகுல சிவப்புச் சாயம், கொஞ்சம் காப்பித்தூள். ராஜா செத்துக் கிடப்பான், எறும்பு கடிச்சதும் எழுந்து ஓடுவான். நீ காப்பித்தூளைக் கொஞ்சம் தூக்கலா போட்டுட்ட. மத்தபடி கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் பெல்ட்டைப் பார்த்தாள். கறையின் விளிம்பில் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவள் வெளியே ஓடிப்போய்ப் பட்டறைச் சாக்கடையில் வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தம் உள்ளே வரை கேட்டது. சர்வேயர் அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தாள்.

"தூசியும் ஒண்ணு சொல்லுது" என்றாள் பிறகு. "வண்டி வேகமா போகும்போது உள்ள காத்தழுத்தம் குறையும். சந்து பொந்து எல்லாத்துலயும் மண்ணை உறிஞ்சி இழுக்கும். மண் ரோட்டுல ராலி ஓடின வண்டியோட கூரைத்துணிக்குள்ள, கதவு மடிப்புக்குள்ள, எவ்வளவு கழுவினாலும் தூசி போகாது. இதுல கம்பளத்துல தூசி இருக்கு, கதவுக் குழியில இருக்கு. கை எட்டற இடத்துல மட்டும். கை எட்டாத இடமெல்லாம் கழுவி வெச்ச தட்டு மாதிரி இருக்கு. இது அந்த வண்டியே இல்ல. வேற ஏதோ வண்டியோட கூட்டுக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

வெல்லப்பாகு வற்றிப்போனது. "யார் நீங்க? விலையைக் குறைக்க வந்த கும்பலா?"

"பெயின்ட் பொய், தூசி பொய், ரத்தம் பொய். தங்கக்கையாம்! ஒரு திருகாணியாவது நிஜமா இருக்கா?"

"மரியாதையா பேசும்மா! பழைய வண்டி கட்டறவன் எவன் கூட்டை மாத்தல? எல்லாமே பொய்யின்னு சொல்லாத. இந்த லீவர் இருக்கே, இது அந்த வண்டியோட லீவர்! என் கையால கழட்டினது!"

தகரக் கூரை வெயிலில் ஒருமுறை டக்கென்று நெளிந்தது.

"அது எனக்கும் தெரியும்" என்றாள் சர்வேயர் மெதுவாக. "இந்த வண்டியிலேயே அது ஒண்ணுலதான் நிஜத் தூசி இருக்கு. பல்லுக்கு நடுவுல கிரீஸோட சேர்ந்து கல்லா இறுகிப்போயிருக்கு. எனக்குத் தெரிய வேண்டியது வேற. எப்பக் கழட்டினீங்க?"

தங்கக்கை வாசல் பக்கம் பார்த்தான்.

"ராலிக்கு முன்னாடி கழட்டியிருந்தா வண்டி லீவர் இல்லாம ஓடியிருக்கணும். விசாரணைக்காரங்க தேடினப்ப அது வண்டியில இல்ல. அதுக்கு நடுவுல ஒரே ஒரு சமயம்தான் மிச்சம். வண்டி பள்ளத்துல கிடந்தப்ப. நீங்க பள்ளத்துல இறங்கவே இல்லையே?"

"வே... வேற எவனோ எடுத்தது. நான் அப்புறமா வாங்கினேன்."

"என் கையாலன்னு இப்பத்தான சொன்னே?" என்றார் சித்தப்பா. "உன் கை என்ன, தனியா நடந்து போயிட்டு வருமா?"

சர்வேயர் வண்டியிலிருந்து இறங்கி, கண்ணாடியை டாக்டரிடம் நீட்டினாள். "நாக்கைப் பாருங்க. கம்பி உராய்ஞ்ச பழைய தடம் பளபளன்னு இருக்கு. கம்பி அறுந்திருந்தா முனை ஒட்டிக்கிட்டிருக்கும். இங்க நறுவிசா கழட்டியிருக்கு. இப்பப் பல் வரிசையைப் பாருங்க."

டாக்டர் குனிந்தாள். தினமும் பார்க்கும் வேலைதான். "ஒரே ஒரு பல்லு மட்டும் உடைஞ்சிருக்கு. ஏதோ கவ்விக்கிட்டிருக்கும்போது பெரிய அடி விழுந்த மாதிரி."

"கவ்விக்கிட்டுத்தான் இருந்துச்சு. கம்பி கட்டியிருந்தா நாக்கு பல்லைத் தொட்டே இருக்காது. அதிகாரிங்க பாக்க வந்தப்ப கம்பியை எடுத்தார். அவங்க போனதும் மறுபடி கட்ட மறந்துட்டார். ஓட்டினவருக்கு அது தெரியாது. முதல் கொண்டை ஊசியில இழுத்தார், கவ்விக்கிச்சு. இவர் பள்ளத்துல இறங்கிப் பாத்தப்ப லீவர் மேல தூக்கினபடி நின்னுக்கிட்டிருந்திருக்கும். பாத்த நிமிஷமே புரிஞ்சிருக்கும். பக்கத்துல ஒரு பையன் கிடக்கறான். இவர் ஸ்பேனரை எடுத்திருக்கார்."

"யாரும்மா நீ?" தங்கக்கை டாக்டரைத்தான் கேட்டான்.

"லீவர் கவ்விக்கிச்சுன்னு சொன்னாரே, அவரோட பொண்ணு. கிடந்தாரே, அவர் என் மாமா."

அவன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். அழுவான் என்று சர்வேயர் நினைத்தாள். அவன் அழவில்லை. அவள் வயிற்றை அடியோடு புரட்டியது அதுதான்.

"மறதிம்மா. மனுஷனுக்கு மறதி வராதா? சொல்லியிருந்தா என் தொழில் போயிருக்கும். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்க. செத்தவன் திரும்பியா வரப்போறான்? உங்கப்பா ஜெயிலுக்கா போனார்? வீட்டுலதான இருந்தார்?"

"அப்ப லீவரை ஆத்துல போட்டிருக்கலாமே. ஏன் வெச்சிருந்தே?" என்றார் சித்தப்பா.

"நல்ல பொருள் சார். அந்த மாதிரி வார்ப்பு இப்ப கிடைக்காது. தூக்கிப் போட மனசு வரல."

ரத்தத்தைக் கழுவ மனசு வரவில்லை, லீவரைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. எவ்வளவு பெரிய மனசு! சர்வேயர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாள். இனி அதனால் மூடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேசிக்கொண்டே தங்கக்கையின் கை பக்கத்து மேசையில் ஸ்பேனரைத் தேடியது. சித்தப்பா அதைக் கவனித்து, சட்டென்று நேவிகேட்டர் இருக்கையில் இறங்கி, லீவருக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார். "ஒரு தடவை கழட்டினது போதும் ராஜா. இனி போலீஸ்காரங்க கழட்டுவாங்க. பாப்பா, சீக்கிரம் போன் பண்ணு. எறும்பு என்னையும் ராஜான்னு நினைச்சிடுச்சு!"

போன் என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கக்கையின் பார்வை டேஷ்போர்டுக்குப் போனது. அங்கே டாக்டரின் போன் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை.

"அம்மா?" என்றாள் டாக்டர். "கேட்டியா?"

மூச்சு மட்டும் கேட்டது. ஒருவருடையதா, இருவருடையதா என்று தெரியவில்லை.

சர்வேயர் கண்ணாடியைத் திரும்ப வாங்கி, கடைசியாக ஒருமுறை லீவரின் அடியில் பிடித்தாள். டார்ச் வெளிச்சத்தில் சுண்டைக்காய் அளவில், சாம்பல் நிறத்தில், காய்ந்து கல்லாகிப்போன ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம். தங்கக்கை கண்ணில் இத்தனை வருஷமும் படாத இடம். டாக்டர் பார்த்தாள். பார்த்தபடியே போனிடம் பேசினாள்.

"அம்மா, லீவருக்கு அடியில மாமாவோட சூயிங்கம் இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ உடைந்தது போல ஒரு சத்தம். பிறகு அம்மாவின் குரல். "எடுத்துடாதே. யாரையும் எடுக்க விடாதே."

"விடமாட்டேம்மா."

போனை வைத்துவிட்டார்கள் என்றே சர்வேயர் நினைத்தாள். அப்போது அதே குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை போனைப் பார்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. யாரையோ பக்கத்தில் பார்த்து, பழக்கம் விட்டுப்போன ஒரு சொல்லைத் தேடி எடுத்தது போல இருந்தது.

"ஏங்க... தண்ணி குடிக்கிறீங்களா?"

டாக்டர் போனை இரண்டு கையாலும் எடுத்து, அழைப்பைத் துண்டித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

சர்வேயர் அழைத்த போலீஸ் வரும்வரை காவல் முறை மாறியது. எறும்புக்கடி தாங்காமல் சித்தப்பா எழுந்துகொள்ள, சர்வேயர் உட்கார்ந்தாள். தங்கக்கை மறுபடி கை நீட்டினால் தடுக்க வேண்டுமே என்று லீவரை அடிப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் அந்தச் சாம்பல் நிறக் கல் தட்டுப்பட்டது. சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது.

"பாப்பா, நீ எதைத் தொட்டுக்கிட்டிருக்கேன்னு தெரியுமா?" என்றார் சித்தப்பா, முதுகைச் சொறிந்தபடி. "கைக்குட்டை வேணுமா?"

"வேண்டாம்" என்றாள் சர்வேயர்.